காவலுக்குக் கெடு உண்டா?

2018-ஆம் ஆண்டின் கடைசியில், செக் குடியரசைச் சேர்ந்த அவாஸ்ட் நிறுவனம் தன் ஆன்டிவைரஸைப் பயன்படுத்துவோரில் ஒரு பகுதியினருக்கு விடைகொடுத்தது. விண்டோஸ் எக்ஸ்பியும் விஸ்டாவும் ஓடும் கணினிகளுக்கு 18.8 என்ற பதிப்போடு சரி. 2019 பிறந்தபின் புதிய பதிப்பு வராது. வைரஸ் அடையாளப் பட்டியல் மட்டும் தொடரும். அவாஸ்டின் கைக்கு வந்துவிட்டிருந்த ஏவிஜிக்கும் இதே முடிவுதான். கூகுள் குரோம் 2016 ஏப்ரலிலேயே எக்ஸ்பியை விட்டிருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2018 செப்டம்பரில் விட்டது. எக்ஸ்பியை உருவாக்கிய மைக்ரோசாஃப்டோ எல்லாருக்கும் முன்னதாக, 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவை நிறுத்தியிருந்தது. 2001 அக்டோபரில் கடைக்கு வந்த பொருளுக்குப் பன்னிரண்டரை ஆண்டுப் பராமரிப்பு என்பது மென்பொருள் உலகில் நீண்ட ஆயுள்தான்.

இதைத் தொழில்நுட்பச் செய்தியாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஆன்டிவைரஸ் நிறுவனம் விற்பது காவலை. காவலை ஏற்றுக்கொண்டவர் ஒரு தேதியைச் சொல்லி விலகலாமா என்ற கேள்வி, கணினிக்கு வெகுகாலம் முந்தையது. தமிழில் அதற்கு மிகக் கடுமையான விடை ஒன்று இருக்கிறது.

சிலப்பதிகாரத்தில், மதுரைக் கோட்டைக்கு வெளியே, கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மாதரி என்ற ஆயர்குல முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி அவர்களுக்குத் தங்க இடம் கொடுக்கிறாள், சமைக்கப் பண்டம் கொடுக்கிறாள், மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். அதன்பிறகு நடந்தவற்றில் அவளுக்குப் பங்கில்லை. சிலம்பை விற்கப் போனவன் கோவலன். பொய் சொன்னவன் பொற்கொல்லன். விசாரிக்காமல் தண்டித்தவன் பாண்டியன். ஆனாலும் தன்னை நம்பி வந்தவரைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் இறங்குகிறாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகிறார்.

அப்படியொரு முடிவை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் அந்தக் கதை இரண்டு கேள்விகளைப் பிரித்துக் காட்டுகிறது. தவறு யாருடையது என்பது ஒன்று. காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பது இன்னொன்று. மென்பொருள் நிறுவனங்களின் ஒப்பந்தப் பத்திரங்கள் முதல் கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் வைத்திருக்கின்றன. இரண்டாவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

விலகுகிறவர் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்டுவிட வேண்டும். ஆன்டிவைரஸ் தன் காலில் நிற்கும் பொருளில்லை. இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் அது ஒரு டிரைவரை வைத்திருக்கிறது. கணினியில் ஏதாவது ஒரு கோப்பு திறக்கும்போதெல்லாம் அந்த டிரைவர் இடைமறித்து, தெரிந்த தீங்குநிரல்களின் அடையாளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. சந்தேகத்துக்குரிய நடத்தை தெரிந்தால் தடுக்கிறது. ஆனால் ஓட்டை இயங்குதளத்திலேயே இருந்து, அதன் வழியாக ஒருவன் நேரே கெர்னலுக்குள் இறங்கிவிட்டால், ஆன்டிவைரஸுக்கு உள்ள அதிகாரம் அவனுக்கும் வந்துவிடுகிறது. ஆன்டிவைரஸையே அவன் நிறுத்திவைக்க முடியும். அந்த ஓட்டையை அடைக்க ஆன்டிவைரஸ் நிறுவனத்தால் ஆகாது. விண்டோஸின் மூலநிரல் அதனிடம் இல்லை. பேட்ச் போடக்கூடியது மைக்ரோசாஃப்ட் மட்டுமே.

இன்னொரு சிக்கல் வெளியில் அதிகம் தெரியாதது. 64-பிட் விண்டோஸில் கெர்னலுக்குள் நுழையும் எந்த நிரலும் தான் இன்னார் என்று டிஜிட்டல் கையெழுத்தோடு வர வேண்டும். பல ஆண்டுகள் அந்தக் கையெழுத்துக்கு ஷா-1 என்ற கணித முறை பயன்பட்டது. 2017 பிப்ரவரியில் கூகுள் ஆய்வாளர்களும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் சேர்ந்து, ஒரே ஷா-1 அடையாளம் கொண்ட இரண்டு வெவ்வேறு கோப்புகளை உருவாக்கிக் காட்டினார்கள். அத்தோடு அந்த முறையின் மீதிருந்த நம்பிக்கை போயிற்று. உலகம் ஷா-2-க்கு மாறியது. விண்டோஸ் 7 புதிய கையெழுத்தைப் படிக்க 2019-ல் தனியாக ஒரு அப்டேட் போட வேண்டியிருந்தது. அதைப் போடாத கணினிக்கு அதன்பின் வந்த அப்டேட்கள் எதுவும் கிடைக்கவில்லை. அதாவது காவலர் வாசலில் வந்து நின்றாலும், அவர் காட்டும் அடையாளச் சீட்டைப் பழைய கணினியால் வாசிக்க முடியாது. ஒரு நிறுவனம் எவ்வளவு நல்லெண்ணத்தோடு இருந்தாலும் இந்த இடத்தில் அதன் கை கட்டப்பட்டுவிடுகிறது.

இதற்கெல்லாம் பிறகும் ஒட்டிக்கொண்டு இருப்பது பெருந்தன்மைபோலத் தெரியலாம். உண்மையில் அது ஆபத்து. திரையின் மூலையில் பச்சை டிக்கோடு ‘உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது’ என்று ஆன்டிவைரஸ் சொல்கிறது. அடியிலுள்ள இயங்குதளத்தில் அடைக்கப்படாத ஓட்டைகள் ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போகும்போது அந்த டிக் பொய் சொல்கிறது. பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தவர் வங்கிக் கணக்கை அந்தக் கணினியில் திறக்கமாட்டார். இருக்கிறது என்று நம்புகிறவர் திறப்பார். காக்க முடியாதபோது முடியாது என்று சொல்வது காவலின் ஒரு பகுதி. அவாஸ்ட் செய்தது அந்த அளவில் சரியே.

சிக்கல் தொடங்குவது விலகும்போது அல்ல, ஏற்கும்போது. ‘டோட்டல் செக்யூரிட்டி’, ‘டோட்டல் புரொடெக்‌ஷன்’ என்ற பெயர்களில் இந்தப் பெட்டிகள் விற்கப்படுகின்றன. முழுப் பாதுகாப்பு, எந்நேரமும் பாதுகாப்பு என்ற வாக்குறுதி மனிதர் கொடுக்கக்கூடியதா? ராமாயணத்தைச் சரணாகதி நூலாகவே வாசிக்கும் ஸ்ரீவைஷ்ணவ மரபில், விபீடணன் அடைக்கலம் புகும் இடம் அதன் உச்சம். சுக்ரீவன் தடுக்கிறான், எதிரியின் தம்பியை நம்பக்கூடாது என்கிறான். ராமன் கேட்கவில்லை, வந்தவன் இராவணனே ஆனாலும் அபயம் உண்டு என்கிறான். வேதாந்த தேசிகர் அந்த ஒரு நிகழ்ச்சியை வைத்தே ‘அபயப்ரதான ஸாரம்’ என்று தனி நூல் எழுதினார். அந்த அபயத்துக்கு ஆளில் நிபந்தனையில்லை, நாளில் முடிவில்லை. அது இறைவன் கொடுக்கும் வாக்கு. ஓராண்டு லைசென்ஸில் அதே சொல்லைப் பூசி விற்பவர்கள் தம்மால் சுமக்க முடியாததைச் சுமப்பதாகச் சொல்கிறார்கள். வாங்குகிறவர் அதை நம்பிக் கவனத்தைக் கைவிடுகிறார். பின்னால் வரும் ஏமாற்றத்தின் வித்து இங்கேதான் விழுகிறது.

அதே மரபுக்குள் நூற்றாண்டுகளாக நடந்த இன்னொரு விவாதம் இந்தக் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. இறைவன் காக்க வேண்டுமானால் காக்கப்படுகிறவன் ஏதாவது செய்ய வேண்டுமா? வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலையார், வேண்டும் என்றார்கள். தாய்க்குரங்கின் வயிற்றைக் குட்டி தானாகப் பற்றிக்கொள்வதுபோல, சீவன் பற்ற வேண்டும். பிள்ளை லோகாசாரியர், மணவாள மாமுனிகள் வழிவந்த தென்கலையார், பூனை தன் குட்டியை வாயில் கவ்விச் செல்வதைக் காட்டினார்கள். குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, தூக்குவது முழுக்கத் தாயின் வேலை. தேசிகர்கூடப் பற்றுவதை ஒரு சிறு வியாஜமாகத்தான் வைத்தார். காப்பது அருளே என்பதில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை.

கடவுள் விஷயத்தில் எது சரி என்பது அவரவர் நம்பிக்கை. மனிதர் மனிதரைக் காக்கும் இடத்தில் இரண்டு வகைக் குட்டிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன என்பதுதான் உண்மை. 2017 மே 12, வெள்ளிக்கிழமை, பிரிட்டனின் மருத்துவமனைகளில் அது கண்ணெதிரே நடந்தது.

அன்று பிற்பகல் இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில் கணினித் திரைகள் சிவப்பாக மாறின. கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க 300 டாலர் பிட்காயினில் கட்டு, தாமதித்தால் தொகை இரட்டிக்கும் என்ற அறிவிப்பு. வன்னாக்ரை என்ற அந்தத் தீங்குநிரல் மின்னஞ்சலில் யாரோ எதையோ கிளிக் செய்ததால் பரவவில்லை. விண்டோஸில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் எஸ்எம்பி என்ற பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாக, கணினியிலிருந்து கணினிக்குத் தானாகத் தாவியது. ஓரிரு நாளில் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தின் தேசியச் சுகாதார சேவையின் டிரஸ்டுகள் என்ற நிர்வாக அமைப்புகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்த நோயாளிகள் தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்குப் போக வேண்டியதாயிற்று. ரத்தான சந்திப்புகளில் எண்ணிக்கை உறுதியானவை 6,912. மொத்தம் 19,000-ஐத் தாண்டியிருக்கும் என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் மதிப்பிட்டது. அவற்றில் அறுவை சிகிச்சைகளும் இருந்தன.

எக்ஸ்பியால் வந்த வினை என்றுதான் முதல் நாள் செய்திகள் பேசின. அது பெரும்பாலும் தவறு. பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 ஓடியவை. எக்ஸ்பி கணினிகள் பல, நிரல் சரியாக இறங்காமல் நீலத்திரையோடு நின்றுபோயின. விண்டோஸ் 7-க்கு அப்போது முழு ஆதரவு இருந்தது. அந்த ஓட்டைக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. பேட்சைப் போடுங்கள் என்று சுகாதார சேவையின் டிஜிட்டல் பிரிவு மார்ச் 17-லும் ஏப்ரல் 28-லும் எச்சரிக்கை அனுப்பியிருந்தது. எக்ஸ்பியிலிருந்து மாறத் திட்டம் வேண்டும் என்று அரசு 2014-லேயே கடிதம் எழுதியிருந்தது. தாய்க்குரங்கு இரண்டு மாதம் அங்கேயே நின்றது. பற்ற வேண்டிய கை பற்றவில்லை. டிரஸ்டுகளின் நிர்வாகத்துக்குக் கணினித் துறை இருந்தது, எச்சரிக்கை வந்தது, கால அவகாசமும் இருந்தது. அவர்கள்மீது குற்றம் சொல்வதில் அநியாயம் இல்லை.

ஆனால் சந்திப்பு ரத்தான நோயாளிக்கு எஸ்எம்பி என்றால் என்னவென்று தெரியாது. தன் ஸ்கேனை எடுக்கும் எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் எக்ஸ்பி ஓடுகிறதா, வேறு ஏதாவதா என்று அவர் கேட்டறிய வழியில்லை. அறிந்தாலும் மாற்ற முடியாது. மருத்துவமனையே நினைத்தாலும் அதை எளிதில் மாற்ற முடியாது. அந்த இயந்திரம் குறிப்பிட்ட மென்பொருளோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டு அனுமதி பெற்றது. தயாரிப்பாளர் முன்வராமல் உள்ளேயிருக்கும் இயங்குதளத்தில் கைவைக்க இயலாது. கோடிக்கணக்கில் விலை, பத்தாண்டுக்கும் மேல் ஆயுள். இயந்திரம் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்க, உள்ளேயிருக்கும் விண்டோஸின் காலம் முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. ஆதரவு முடிகிறது என்ற அறிவிப்பு அந்த நோயாளியின் முகவரிக்கு ஒருபோதும் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரவு மைக்ரோசாஃப்ட் ஒரு முடிவெடுத்தது. மூன்று ஆண்டுக்கு முன் விட்டுவிட்ட எக்ஸ்பிக்கும், விண்டோஸ் சர்வர் 2003-க்கும், விண்டோஸ் 8-க்கும் பேட்சை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஒப்பந்தப்படி அது செய்திருக்க வேண்டியதில்லை. முன்பும் ஒருமுறை, 2014-ல் கெடு முடிந்து மூன்றே வாரத்தில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் தாக்குதலுக்கு உள்ளான ஓட்டை ஒன்றை எக்ஸ்பிக்கும் சேர்த்து அடைத்துக்கொடுத்தது. 2019 மே மாதத்தில் புளூகீப் என்ற ஓட்டை தெரியவந்தபோது மறுபடியும் எக்ஸ்பிக்குப் பேட்ச் வந்தது. ஆதரவு முடிந்த தேதியோடு பொறுப்பும் முடிந்தது என்று அந்த நிறுவனமே நம்பியிருந்தால் இந்த மூன்றும் நடந்திருக்காது. இதை விளம்பரத்துக்காகச் செய்தார்கள் என்று ஒதுக்கவும் தோன்றலாம். ஆனால் ஒரு நிறுவனத்துக்குள் அந்த இரவு யாரோ சிலர், இது நம்மால் முடிகிற காரியம், முடிந்தும் செய்யாமல் இருக்கலாகாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல் மதிப்புள்ளது.

அதன் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். அன்று வெளியான எக்ஸ்பி பேட்ச் கோப்பில் இருந்த டிஜிட்டல் கையெழுத்தின் தேதி 2017 பிப்ரவரி. தாக்குதலுக்கு மூன்று மாதம் முன்பே அது தயாராகிவிட்டது. எக்ஸ்பியின் பொது ஆதரவு முடிந்த பிறகும், தனி ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டும் பெரிய வாடிக்கையாளர்களுக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்துக்கொண்டிருந்தது. பிரிட்டன் அரசே 2014-ல் ஓராண்டுக்குச் சுமார் 55 லட்சம் பவுண்டு கட்டி அந்தக் காவலைத் தன் பொதுத்துறைக்கு வாங்கியது. 2015-ல் புதுப்பிக்காமல் விட்டது. ஆக, மருந்து இருந்தது. காசு கட்டியவருக்கு இருந்தது. அதைத் திறந்துவிட்டிருந்தால் வன்னாக்ரை நின்றிருக்காது, விண்டோஸ் 7 கணினிகளே அதிகம் சிக்கின என்பது உண்மைதான். ஆனாலும் அறக்கேள்வி அப்படியே நிற்கிறது. செய்துமுடித்த ஒரு பேட்சை இன்னொருவருக்கும் கொடுக்க ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறியது. அதைப் பூட்டிவைத்தது, வாடிக்கையாளர் புதிய விண்டோஸுக்கு மாற வேண்டும் என்ற வணிகக் கணக்கு.

பூட்டிவைத்தவர்கள் பட்டியலில் இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். வன்னாக்ரை பரவப் பயன்பட்ட எடர்னல்புளூ என்ற தாக்குதல் கருவியை உருவாக்கியது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை என்பது பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது. ஓட்டை இருப்பது தெரிந்தும் அடைக்கச் சொல்லாமல், உளவுக்கு உதவும் என்று வைத்திருந்தார்கள். ஷேடோ புரோக்கர்ஸ் என்ற மர்மக் கும்பல் அதை ஏப்ரலில் இணையத்தில் கொட்டியது. மக்களைக் காப்பதையே பெயராக வைத்துக்கொண்ட ஓர் அமைப்பு, மக்களுக்கு வரும் ஆபத்தை அறிந்தும் நெடுங்காலம் வாய்திறக்காமல் இருந்தது. ஆன்டிவைரஸ் நிறுவனம் ஆதரவை நிறுத்துவதைவிடப் பல மடங்கு பெரிய பிழை இது. இதுபற்றிய பேச்சு சீக்கிரமே அடங்கிப்போனது வருத்தமானது.

பரவலைத் தடுத்தது யார்? அந்த மருத்துவமனைகளோடு எந்த ஒப்பந்தமும் இல்லாத ஓர் இளைஞர். இங்கிலாந்தின் டெவனில் இருந்த மார்கஸ் ஹட்சின்ஸ், வன்னாக்ரை நிரலைப் பிரித்துப் பார்த்தபோது அது பொருளற்ற எழுத்துகளாலான ஓர் இணைய முகவரியைத் தேடுவதைக் கண்டார். யாரும் பதிவுசெய்யாத முகவரி. பத்து டாலர் சொச்சத்துக்கு அதைப் பதிவுசெய்தார். அந்த முகவரி உயிர்பெற்றதும், நிரல் புதிய கணினிகளைப் பூட்டாமல் நின்றுகொண்டது. யாரும் அவரிடம் அடைக்கலம் புகவில்லை.

ஹான்ஸ் யோனாஸ் என்ற ஜெர்மானியத் தத்துவஞானி 1979-ல் பொறுப்பைப் பற்றி எழுதிய நூல் இந்த இடத்தில் உதவுகிறது. பொறுப்பு ஒப்பந்தத்திலிருந்து பிறப்பதில்லை, ஒருவர் கையிலுள்ள ஆற்றலிலிருந்து பிறக்கிறது என்பது அவர் வாதம். இன்னொருவரின் நலிவு என் ஆற்றலின் எல்லைக்குள் வந்துவிட்டால் எனக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது. அதற்கு அவர் காட்டிய முதல் எடுத்துக்காட்டு பச்சைக் குழந்தை. குழந்தை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை, திருப்பித் தருவதாகச் சொல்லவும் இல்லை. பூனைக்குட்டி நியாயத்தை வேறு பாதையில் வந்து அடைந்தவர் என்று யோனாஸைச் சொல்லலாம்.

இந்த வாதத்தை முழுக்க ஏற்றால் ஒரு சங்கடம் வருகிறது. ஆற்றல் உள்ளவரை பொறுப்பு என்றால், ஒரு நிறுவனம் தான் எழுதிய எந்த நிரலிலிருந்தும் என்றைக்கும் விலக முடியாது. 1990-களின் விண்டோஸுக்கும் இன்றுவரை பேட்ச் போட வேண்டும். அந்தச் சுமை தெரிந்தால் புதிதாக யார் எதைச் செய்ய முன்வருவார்? பழையதைக் காக்கச் செலவிடும் ஆட்கள் புதியதைப் பாதுகாப்பாகக் கட்டும் வேலையிலிருந்து எடுக்கப்படுகிறவர்கள். தவிர, காலாவதியான கணினி தன் உரிமையாளரை மட்டும் ஆபத்தில் வைப்பதில்லை. வைரஸ் ஏறிய கணினி அடுத்தவரைத் தாக்கும் கருவியாகிறது. வன்னாக்ரை பரவியதே அப்படித்தான். என் கணினி, என் விருப்பம், நான் எக்ஸ்பியிலேயே இருப்பேன் என்று ஒருவர் சொல்லும்போது அவர் தன் அபாயத்தோடு பிறர் அபாயத்தையும் சேர்த்தே ஏற்கிறார். அதற்கு அவருக்கு உரிமையில்லை. எனவே முடிவு என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். அந்த முடிவு யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதே வழக்கு.

இந்தியாவில் வங்கி ஏடிஎம்களின் கதை ஓர் உதாரணம். அவற்றில் பெருவாரியானவை எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்தன, ஆதரவு முடிந்து நான்காண்டு ஆன பிறகும். 2018 ஜூன் 21 அன்று ரிசர்வ் வங்கி காலக்கெடு விதித்தது: அந்த ஆண்டு செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50, அடுத்த மார்ச்சுக்குள் 75, 2019 ஜூனுக்குள் எல்லாம் மாறியாக வேண்டும். வங்கியிடம் பணம் உண்டு, ஆள் உண்டு. இதுவரை பற்றாமல் இருந்ததற்குச் சாக்கு இல்லை. கெடு சரியான ஆளிடம் சென்றது. வரிசையில் நிற்கும் வாடிக்கையாளரிடம், நீங்கள் புதிய ஏடிஎம் பார்த்துப் போங்கள் என்று சொல்லவில்லை.

இதற்கு நேர் எதிர்க்கோடியில், தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் கல்யாணப் பத்திரிகையும் துண்டறிக்கையும் வடிவமைக்கும் டிடிபி கடைகள். 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7-தான் அங்கே பலரின் கை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்து சேர்த்த பதினைந்து, இருபது ஆண்டுக் கோப்புகள் வன்தட்டில் இருக்கும். போன வருடம் அண்ணனுக்கு அடித்த அழைப்பிதழில் பெயரை மட்டும் மாற்றித் தம்பிக்கு அடித்துக்கொடுப்பதுதான் தொழிலின் வேகம். அந்தக் கோப்பைப் புதிய கணினியில் திறந்தால் தமிழ் சிதைந்து, புரியாத ஆங்கிலக் குறிகளாக நிற்கிறது. பழைய விசைப்பலகை மென்பொருள் புதிய விண்டோஸில் ஏறுவதில்லை. ஆகவே மூலையில் அந்தப் பழைய கணினி ஓடிக்கொண்டே இருக்கிறது, வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் எல்லாம் அதில் ஏறி இறங்குகின்றன. ஆன்டிவைரஸ் எப்போதோ சிவப்புக் குறி காட்டத் தொடங்கிவிட்டது. கடைக்காரர் அசட்டையானவர் அல்ல. மாறுவது என்றால் கணினி விலையோடு, தொழிலின் சேமிப்பு முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்வது. அவருக்கு அப்டேட் செய்துகொள்ளுங்கள் என்ற ஒரு வரி அறிவிப்பு உதவியாகாது. கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவியும், மாறும்வரை அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து வைக்கும் யோசனையும்தான் உதவி.

மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-இன் ஆதரவை முடித்துக்கொண்டது. இந்த முறை பிரச்சினை கூர்மையாகிவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் வேண்டும். நன்றாக ஓடும் கோடிக்கணக்கான கணினிகளில் அவை இல்லை. பற்றிக்கொள்ள விரும்புகிறவருக்கும் பற்ற இடமில்லை என்ற நிலை. வீட்டுப் பயனாளர்களுக்கு ஓராண்டு கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருவதாக நிறுவனம் அறிவித்தது. 30 டாலர் கட்டலாம், அல்லது கணினியின் அமைப்புகளை நிறுவனத்தின் கிளவுடில் சேமிக்க இசையலாம், அல்லது வெகுமதிப் புள்ளிகளைக் கொடுக்கலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மட்டும் நுகர்வோர் அமைப்பு ஒன்று நெருக்கியதும் கட்டணமும் கிளவுட் நிபந்தனையும் தளர்த்தப்பட்டன. ஒரே கணினி, ஒரே ஓட்டை. பாரிஸில் இருந்தால் ஒரு விதி, கொழும்பிலோ சென்னையிலோ இருந்தால் வேறு விதி. நலிவு அளவுகோலாக இருந்திருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்காது. கேட்டு வாங்கும் வலிமை யாரிடம் இருந்ததோ அவருக்குக் கிடைத்தது.

அதேசமயம், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸுக்கு அடையாளப் பட்டியலை விண்டோஸ் 10-இலும் 2028 அக்டோபர் வரை அனுப்புவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. எக்ஸ்பி காலத்திலும் அப்படி 2015 ஜூலை வரை அனுப்பியது. இது நல்ல காரியம். ஆனால் இந்த மூன்று ஆண்டில் திரையில் பச்சை டிக் தெரிந்துகொண்டே இருக்கும், அடியில் ஓட்டைகள் அடைபடாமல் இருக்கும். டிக்கோடு சேர்த்து, இது பாதிக் காவல்தான் என்பதை அதே அளவு எழுத்தில், பயனாளரின் மொழியில் சொல்வது நிறுவனத்தின் கடன்.

சட்டங்கள் மெல்ல இந்தப் பக்கம் நகர்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனங்களை விற்பவர், எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவார் என்பதை விற்கும்போதே சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து கட்டுப்படுத்தும். பொருளின் ஆயுள் அதைவிடக் குறைவாக இருந்தால் ஒழிய, குறைந்தது ஐந்தாண்டு ஆதரவு கொடுக்க வேண்டும். விலகும் நாளை ஏற்கும் நாளிலேயே சொல்லிவிடு என்பது இவற்றின் சாரம். பற்றிக்கொள்ளத் தெரிந்தவருக்கு இது போதும்.

நோயாளிக்கு இது போதாது. அமெரிக்காவில் 2023 மார்ச் முதல், இணையத்தோடு தொடர்புள்ள மருத்துவக் கருவிக்கு அனுமதி கேட்கும் நிறுவனம், விற்ற பிறகு ஓட்டைகளை எப்படிக் கண்டுபிடித்து அடைக்கும் என்ற திட்டத்தையும் ஒப்படைக்க வேண்டும். தூக்கிச் செல்ல வேண்டியவர் யார் என்று பெயர்சொல்லிக் காட்டிய சட்டம் இது. ஆனால் அதற்கு முன் அனுமதி பெற்று ஏற்கெனவே வார்டுகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கேனர்களையும் ரத்தப் பரிசோதனைக் கருவிகளையும் அது தொடவில்லை. அவற்றுக்குப் பேட்ச் வரப்போவதில்லை, ஆன்டிவைரஸும் பலவற்றில் ஏறாது. அவற்றைப் பட்டியலிடவும், மருத்துவமனையின் மற்ற வலையமைப்பிலிருந்து பிரிக்கவும், தேவையற்ற எஸ்எம்பி வழியை அடைக்கவும், பென்டிரைவ் போடும் துளைகளைப் பூட்டவும் நிர்வாகத்தால் இன்றே முடியும். தயாரிப்பாளரிடம், கருவியின் ஆயுள் முடியும்வரை உள்ளிருக்கும் இயங்குதளத்துக்கு யார் பொறுப்பு என்று அடுத்த கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கவும் முடியும்.